காப்பர்பேண்டுக்கு முதல் சாப்பாடு: மட்டியா, மைசிஸா, ஆர்டீமியாவா?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீன் அழகில் குறைவில்லாதது, சாப்பாட்டில்தான் மாமியார் வீட்டு மாப்பிள்ளை. பவளப்பாறை இடுக்கில் நீண்ட மூக்கை நுழைத்துப் புழு கொத்தித் தின்ற ஜென்மம் அது. பெல்லட் என்கிற உருண்டைத் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் புதிதாக வாங்கி வந்ததும் முதலில் எதைக் கொடுப்பது என்கிற இந்தப் பேச்சில் பெல்லட்டைச் சேர்க்கவில்லை.

ஆர்டீமியா என்கிற, இறால் போன்ற குட்டி உயிரியின் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால், நம் ஊர் வெக்கைக்கு ஒரே நாளில் பொரிந்துவிடும். அசைகிற இரை என்பதால் மீனின் கவனம் திரும்பும். ஆனால் குஞ்சு அரை மில்லிமீட்டர்தான், வளர்ந்த காப்பர்பேண்டின் பசிக்குப் போதாது. பெரிதாக்க வாரக்கணக்கில் ஆகும், வளர்ந்த பிறகும் சத்து ஏற்றித்தான் கொடுக்க வேண்டும்.

சத்து விஷயத்தில், உறையவைத்து விற்கும் மைசிஸை (இதுவும் குட்டி இறால் போன்ற உயிரிதான்) அடித்துக்கொள்ள ஆளில்லை. பிரச்சினை பனிக்கட்டியில்தான். சென்னையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் தெர்மாகோல் பெட்டியில் மயிலாடுதுறை வந்து சேர்வதற்குள் ஓரம் இளகிவிடும். அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது. வீட்டு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசர் அவ்வளவு நேரம் தாங்காது. ஒருமுறை இளகி மறுபடி உறைந்த மைசிஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தொட்டியில் போட்டதும் குழைந்து, சாறு முழுக்கத் தண்ணீரில் கலக்கும். மீன் தொடாது, பாசிக்குத்தான் விருந்து. கஜா மாதிரி புயல் அடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

என் ஓட்டு மட்டிக்கு. விசைப்படகுத் தடைக்காலத்திலும் பயமில்லை. கழிமுகத்துச் சேற்றில் கையால் பொறுக்குகிற சரக்கு இது. ஓடு இறுக மூடிய உயிர் மட்டியாகப் பார்த்து வாங்கி, கத்தியால் திறந்து, தொட்டித் தண்ணீரில் அலசி, பாறை இடுக்கில் சதை மேலே தெரிய வையுங்கள். இடுக்கில் கொத்துவது அதற்குப் பழகிய வேலை, யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மற்ற மீன்கள் முந்திக்கொள்ளும் தொட்டியாக இருந்தால், நடுவில் தடுப்பு வைத்துக் கொடுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். விட்டால் அம்மோனியா ஏறும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவி ஒன்றும் காப்பாற்றாது.

மட்டியையே நிரந்தரமாகப் போடவும் கூடாது. பச்சை மட்டிச் சதையில் உள்ள தையமினேஸ் என்கிற நொதி வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். மீன் மட்டிக்குப் பழகியதும், காலி ஓட்டில் மைசிஸைத் திணித்து வையுங்கள். ஓட்டைப் பார்த்தாலே கொத்த வரும். பிறகு ஓட்டுக்கு வெளியே கொஞ்சம் சிதறவிட்டு, மெதுவாக ஓட்டையே எடுத்துவிடலாம்.

மாண்டரின் என்கிற இன்னொரு கடல் மீனுக்கு இந்த வழி சரிப்படுமா என்று கேட்காதீர்கள், நான் வளர்த்ததில்லை. காப்பர்பேண்டுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கழிமுகத்தில் இறங்கிவிட்டால் நல்ல மட்டி கிடைப்பது கஷ்டம். அந்த மாதங்களில் மட்டிக்குப் பதில் மைசிஸையே சின்னப் பாக்கெட்டாக, ஒரு வாரத்துக்குத் தேவையான அளவே வரவழைப்பேன்.