வாசலுக்குத் தும்பு மிதியடியா, செயற்கை இழை மிதியடியா?

போன வருடம் ஆனி மழைக்கு முன்பு வாசலுக்குப் புது மிதியடி தேவைப்பட்டது. ரப்பர் அடி ஒட்டிய செயற்கை இழை மிதியடியைத் தவிர்த்து, கன்னியாகுமரி மாவட்டத்து ஈத்தாமொழியில் தும்பு, அதாவது தென்னை நார், மிதியடி வாங்கினேன்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பூவும் நிறமும் வேண்டுமென்றால் செயற்கைதான். ஆனால் செருப்பில் அப்பிய செம்மண்ணைத் தும்பு உரித்தெடுப்பதுபோல் அது எடுக்காது.

மழையில் தும்புக்குப் பராமரிப்பு அதிகம், மறுக்கமாட்டேன். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளுமே பெய்கின்றன. நனைந்த தும்பு காய இரண்டு நாளாகும்; தரையோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். செயற்கை மிதியடி காலையில் கொடியில் போட்டால் மாலையில் காய்ந்துவிடும். அதனால் தும்பில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது பழைய மிதியடியைக் கழித்த நாள். அதன் ரப்பர் பொடிந்து தரையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது, சுரண்டித்தான் எடுத்தோம். மேலே ஓர் இழை, கீழே வேறொரு பொருள், பிரிக்க வழியில்லை. பழைய பிளாஸ்டிக் எடுப்பவரும் வேண்டாம் என்றார். கடைசியில் புறவாசலில் எரித்தோம். அந்தப் புகையில் அம்மா இருமி இருமிச் சோர்ந்துபோனார். செய்திருக்கவே கூடாது. சுற்றுச்சூழல் பற்றி எத்தனையோ படித்தும் மாறாத நான், அன்றுதான் மாறினேன்.

தும்பு தேய்ந்தால் தென்னை மூட்டுக்கு, அதாவது மரத்தடிக்கு, போகும். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, தென்னையைச் சுற்றிப் புதைப்பது நமக்குப் புதிதல்ல. லிக்னின் என்ற கடினமான மரப்பொருள் மிகுந்த நார் என்பதால் மெல்ல மக்கும், கோடையில் ஈரத்தையும் பிடித்துவைக்கும். என் மிதியடிக்கு இன்னும் ஒரு வயதுதான், அந்த நிலைக்கு வரவில்லை. தங்கை வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

வாங்கும்போது கட்டாயம் திருப்பிப் பாருங்கள். மேலே தும்பும் அடியில் பிவிசி பிளாஸ்டிக்கும் ஒட்டியவை நிறைய விற்கின்றன. அவை தென்னை மூட்டுக்கு ஆகாது. முழுக்கக் கயிற்றால் பின்னியதே வேண்டும். முதல் சில வாரங்கள் தூசி உதிரும். இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வெளிப்படியில் போடுவது நல்லது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் புகையைப் பற்றியெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மண் உள்ளே வராதா?" என்றார். வராது என்றேன். மறுவாரம் அவர் வாசலிலும் தும்பு மிதியடி.