கன்னுக்குட்டிக்குப் போடற புரூசெல்லா ஊசி: வாழப்பாடி பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ

எடுத்த எடுப்புலயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். காசு கிடையாது, மாட்டோட ஆயுசுக்கே ஒரே ஒரு ஊசி, மாட்ட மட்டும் இல்ல வீட்ல பால் கறக்கறவங்களையும் சேத்து காப்பாத்துது. ஆனாலும் எங்க பக்கம் கோமாரி ஊசின்னா கேட்டு வாங்கிப் போடறவங்க இதச் சொன்னா "அது எதுக்குங்க"ன்னு கேக்கறாங்க, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

புரூசெல்லோசிஸ்னு பேரு, நம்ம பக்கம் கன்னு வீச்சு நோய்னு சொன்னா புரியும். நல்லா இருக்கற சினை மாடு 6, 7 மாசத்துல திடீர்னு கன்ன வீசிடும், அதாவது கர்ப்பம் கலைஞ்சுடும், நஞ்சுக்கொடி விழாம உள்ளயே தங்கிடும், அடுத்த சினை பிடிக்கறதும் தள்ளிப் போகும். எங்க வீட்டு மாடு அப்படி வீசுனப்ப அப்பாதான் வெறுங்கைல கொடிய இழுத்து எடுத்தாரு, ஊர்ல எல்லாரும் அப்படித்தான செய்யறாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அவருக்கு சாயங்காலம் ஆனா காய்ச்சல், ராத்திரி பனியன் நனையற அளவுக்கு வேர்வை, இடுப்ப புடிச்சுக்கிட்டு எந்திரிக்கவே முடியல. ஒரு தனியார் ஆஸ்பத்திரில டைபாய்டு டைபாய்டுன்னே மருந்து குடுத்துட்டு இருந்தாங்க, கொறஞ்ச மாதிரி இருக்கும், மறுபடி வந்துடும். அப்புறம் சேலத்துல வேற ஒரு டாக்டர்தான் "வீட்ல ஆடு மாடு இருக்குங்களா, ஏதாவது கன்ன வீசுச்சா"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விதான். ரத்தம் எடுத்து ரோஸ் பெங்கால் டெஸ்ட், அதுல தெரிஞ்சதும் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேத்து 6 வாரம். நடுவுல காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நிறுத்தக்கூடாது, நிறுத்துனா திரும்பி வரும்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. மனுசனுக்கு இந்த நோய்க்கு நம்ம நாட்டுல தடுப்பூசியே கிடையாது, கன்னுக்குப் போடற ஊசிதான் நமக்கும் காவல்.

இப்ப ஊசிக்கு வர்றேன். எஸ் 19னு பேரு, பொட்டக் கன்னுக்கு மட்டும்தான், அதுவும் 4 மாசத்துல இருந்து 8 மாசத்துக்குள்ள. காளக் கன்னுக்குப் போடக்கூடாது, சினை மாட்டுக்குப் போட்டா இந்த ஊசியாலயே கன்னு வீசலாம், அதனால வயசு ரொம்ப முக்கியம். எங்க கன்னுக்குப் போட வந்தப்ப நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஐஸ் பெட்டிலதான் வருது, சின்ன பாட்டில் அடில மருந்து காஞ்சு கட்டியா ஒட்டிட்டு இருக்கு, கூட வர்ற தண்ணிய ஊசியால ஏத்தி மெதுவா சுத்திக் கரைக்கறாங்க, கழுத்துத் தோல ரெண்டு விரலால தூக்கிப் புடிச்சு அடில போட்டாங்க. கன்னு ஒரு தடவ தலைய ஆட்டுச்சு, அவ்ளோதான். காதுல 12 இலக்க நம்பர் போட்ட மஞ்சத் தோடு மாட்டி போன்ல ஏத்திக்கிட்டாங்க. எனக்குப் புடிச்சது என்னன்னா வந்தவரு கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுட்டுதான் பாட்டிலையே தொட்டாரு, காலி பாட்டிலையும் ஊசியையும் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. ஏன்னா இது உசுரோட இருக்கற கிருமி, வீரியம் கொறஞ்சதுதான், ஆனா தவறி நம்ம கைல குத்துனா நமக்கே நோய் வரலாம். அதனால ஊசி போடறப்ப சின்னப் பசங்கள கிட்ட விடாதீங்க.

இந்த ஊசி வந்த கதையும் சொல்லணும். 1923ல ஜான் பக்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஒரு ஜெர்சி மாட்டுப் பால்ல இருந்து எடுத்த கிருமி லேப்ல வெளியவே ஒரு வருசத்துக்கு மேல இருந்துச்சு, எடுத்துப் பாத்தா அதுக்கு வீரியம் போயிருக்கு, அதுதான் எஸ் 19. அதுக்கும் முன்னாடி 1918ல ஆலிஸ் எவன்ஸ்னு ஒரு அம்மா, மாட்டுல கன்னு வீச வெக்கற கிருமியும் மனுசனுக்குக் காய்ச்சல் குடுக்கற கிருமியும் நெருங்கின சொந்தம், பச்சப்பால் ஆபத்துன்னு எழுதுனாங்க, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் ஏத்துக்கவே இல்ல. 1922ல ஆராய்ச்சி பண்றப்பவே அவங்களுக்கே அந்த நோய் ஒட்டிக்கிச்சு, வருசக்கணக்குல விட்டு விட்டுப் படுத்தியிருக்கு. அப்பா படுத்த பாட்ட கண்ணால பாத்ததால அதப் படிக்கறப்ப மனசு கஷ்டமாப் போச்சு. இன்னைக்குப் பால பாஸ்சுரைஸ் பண்ணிக் குடிக்கற பழக்கத்துக்குப் பின்னாடி அந்த அம்மாவோட உழைப்பும் இருக்கு. 63 டிகிரில 30 நிமிசம், இல்ல 72ல 15 செகண்ட் வெச்சாலே கிருமி செத்துடும், வீட்ல பொங்க காய்ச்சினா போதும். ஜிம்முக்குப் போற தம்பிங்க தெம்புக்குன்னு பச்சப்பால் குடிக்கறத தயவு செஞ்சு விட்ருங்க.

ஊசி போட்டாச்சுன்னு அசால்ட்டாவும் இருக்கக்கூடாதுங்க, நூத்துக்கு நூறு பாதுகாப்புன்னு எந்த ஊசியும் இல்ல. மாடு கன்னு போட்டா கொடிய வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, பால் நல்லா சுரக்கும்னு நம்பிக்கை. நம்பிக்கையக் கொற சொல்லல, ஆனா வீசுன மாட்டோட கொடில கிருமி கோடிக்கணக்குல இருக்கும், அத நாய் இழுத்துட்டுப் போனா தெரு பூரா பரவும். ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைங்கன்னு கால்நடை டாக்டர் சொன்னாரு, நாங்க இப்ப அப்படித்தான் செய்யறோம், கையுறை இல்லாம யாரும் தொடறதில்ல.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, ஆடு. 2019ல தொடங்குன மத்திய அரசுத் திட்டத்துல இந்த ஊசி பசு, எருமைக் கன்னுக்குத்தான், ஆட்டுக்கு இல்ல. ஆனா மனுசனுக்கு வர்றதுலயே மோசமானது ஆட்டுல இருந்து வர்ற வகைதான், மால்டா தீவுல 1905ல ஆட்டுலதான் கிருமி இருக்குன்னு சம்மிட்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு, மறு வருசம் அங்க இருந்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆட்டுப்பால நிறுத்துனதும் காய்ச்சல் மளமளன்னு கொறஞ்சுது. ஆட்டுக்கு ரெவ் 1னு தனி ஊசியே இருக்கு, வெளிநாட்டுல போடறாங்க. மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் நம்ம மாவட்டத்து சொத்து, பொட்டனேரில செம்மறிக்குன்னே ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தலைவாசல்ல கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துடுச்சு. ஆட்டுப்பட்டிலயும் ரத்தப் பரிசோதனை பண்ணி, எந்த ஊசி சரிப்படும்னு பாத்து இங்கயும் கொண்டு வரணும். வந்த அன்னைக்கு அந்த அஞ்சாவது ஸ்டாரையும் சேத்துப் போட்டுடறேன்.