டேப் சொல்கிறபடி டிரம் மெஷின்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் ஒரு டிராக்கை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது. இருந்தும் நாலாவது டிராக்கை முழுக்க, டிரம் மெஷினை டேப்போடு சேர்ந்து ஓடவைக்கும் சிங்க் சிக்னலுக்கே ஒதுக்கித்தான் பல வருடங்களாகப் பதிவு செய்கிறேன். டிரம்ஸ் டேப்பில் ஏறுவதே இல்லை. கடைசி மிக்ஸின்போது மெஷின் நேரடியாக வாசிக்கிறது. கேசட்டில் முதலில் மங்குவது ஹை-ஹாட் எனும் ஜோடித் தட்டின் கூர்மைதான். அந்தக் கவலை இப்போது இல்லை. குரல், கிட்டார் எல்லாம் பதிந்து முடித்த பிறகும் ஸ்நேர் டிரம்மின் ஒலியை மாற்றலாம், இடையில் ஒரு ஃபில்லை, அதாவது சின்ன உருட்டலைச் சேர்க்கலாம்.

இரண்டு கருவிகளிலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. டேப்பின் வேகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். வித்தியாசம் 0.1 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் அது 180 மில்லி செகண்ட் ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 துடிப்பு என்ற டெம்போவில் பதினாறில் ஒரு நோட்டின் நீளமே 125 மில்லி செகண்ட்தான். அதனால் டேப் முன்னே போக, மெஷின் பின்தொடர வேண்டும். தலைகீழாகச் செய்ய சாதாரண ரெக்கார்டரின் மோட்டார் ஒத்துக்கொள்ளாது.

என்னிடம் இருப்பது 1987இல் வந்த அலெசிஸ் எச்ஆர்-16 டிரம் மெஷின். எஃப்எஸ்கே எனப்படும் சிக்னலை டேப்பில் எழுதவும் திரும்பப் படிக்கவும் அதற்கே தெரியும். இரண்டு சுருதிகளுக்கு இடையே மாறி மாறித் தாவும் ஒலி அது. அதைத்தான் முதலில் பதிய வேண்டும். பாட்டின் நீளமும் டெம்போவும் அப்போதே முடிவாகிவிடும். நடுவில் டெம்போ மாற வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே மெஷினில் போட்டுவிட வேண்டும்.

பதிவு அளவில்தான் பொறுமை வேண்டும். அதிகமாக ஏற்றினால் பக்கத்து டிராக்கில் சில்வண்டு கத்துவதுபோலக் கசியும். குறைத்தால் மெஷின் தடுமாறும். ஒலி அளவைக் காட்டும் வியூ மீட்டரில் 0க்குச் சற்றுக் கீழே தொடங்கி, கேட்டுக் கேட்டுத்தான் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த டிராக்கில் டிபிஎக்ஸ், டால்பி எதுவும் இருக்கக் கூடாது. இரைச்சல் குறைப்பு சிக்னலின் வடிவத்தையே மாற்றிவிடும். ஈக்யூ, எஃபெக்ட் வழியாகவும் அனுப்ப வேண்டாம். ஓரத்து டிராக்கைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதற்கு ஒரு பக்கம்தான் அண்டை டிராக் உண்டு. மூன்றாவது டிராக்கில் நான் குரலைப் பதிவதே இல்லை. நிறைந்து ஒலிக்கும் ரிதம் கிட்டார் என்றால் கசிவு காதில் படாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டே பதிவைத் தொடங்குவேன். குரலில் ஒரு நொடி மங்கல் வந்தால் யாருக்கும் தெரியாது, சிங்க்கில் வந்தால் தாளமே நகர்ந்துவிடும்.

பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. சாதாரண எஃப்எஸ்கேயில் துடிப்பு இருக்கிறதே தவிர, பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற தகவல் இல்லை. இரண்டாவது சரணத்தில் ஒரே ஒரு வரியைத் திரும்பப் பாட வேண்டுமென்றாலும் ஆரம்பம்வரை ரீவைண்ட் செய்தாக வேண்டும். பாடுகிறவரின் உற்சாகம் அதற்குள் வடிந்துவிடும். இதற்கு நான் கண்ட வழி, காலியாக உள்ள டிராக்கில் டிரம்ஸை வழிகாட்டியாகத் தற்காலிகமாகப் பதிந்துவைப்பது. கடைசிப் பதிவு அதன்மேலேயே ஏறிவிடும். இடத்தகவலையும் சேர்த்து எழுதும் சிங்க் பெட்டிகளும் உண்டு. டேப்பை எங்கே ஓடவிட்டாலும் அவை மிடி (இசைக்கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாக மெஷினுக்கு இடத்தைச் சொல்லிவிடும். அடிக்கடி வரிவரியாகத் திருத்துபவர்கள் அதை வாங்குவதே நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ரெக்கார்டரில் டேப்பின் வேகத்தை மாற்றும் பிட்ச் கன்ட்ரோல். டேப்பைக் கொஞ்சம் மெதுவாக்கினால் குரலும் கிட்டாரும் சுருதி இறங்கும். டிரம்ஸின் வேகம் கூடவே குறையும், ஆனால் கிக்கும் ஸ்நேரும் அதே ஒலியில் நிற்கும். குரலுக்கு ஒரு கனம் வரும், டிரம்ஸ் தளர்ந்துபோகாது.

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் டேப் சிங்க் உள்ளதா என்று முதலில் பாருங்கள். மிடி மட்டும் இருந்தால் தனிப் பெட்டி தேவைப்படும். கையில் வந்ததும் ஐந்து நிமிடம் சிங்க்கைப் பதியுங்கள். அதோடு மெஷின் அடிக்கும் கௌபெல்லையும் இன்னொரு டிராக்கில் பதிந்துவிட்டு, மறுநாள் டேப்பையும் மெஷினையும் சேர்த்து ஓடவிடுங்கள். கடைசி நிமிடத்திலும் இரண்டு கௌபெல்லும் ஒன்றாக விழுந்தால் தாராளமாகப் பாட்டைத் தொடங்கலாம்.