கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம்: 7,500 ரூபாய் போனது, நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப்போகிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். 'குழந்தைப் படம் நிராகரிக்கப்படவே மாட்டாது' என்று முகநூலில் விளம்பரம் போடும் ஒரு ஸ்டூடியோவிடம் 7,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, நேற்று கண்டிப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். பெயரைப் போட்டால் பொலிஸுக்குப் போவாராம். போடவில்லை. எந்த மாதிரிக் கடை என்று விளங்கினால் போதும்.

மாமியாரின் அண்ணன் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியாவில் கோத்தகிரிப் பக்கம் போய்க் குடியேறியவர். இப்போது படுக்கையில் இருக்கிறார். அவர் கண்ணை மூடுவதற்குள் பேரப்பிள்ளையைக் காட்டிவிட வேண்டும் என்று மாமியாருக்குத் தவிப்பு. முன்பு போலப் பிள்ளையைத் தாயின் பாஸ்போர்ட்டில் சேர்த்துவிட முடியாது. பால்குடிக்கும் பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட்தான். கைரேகை கேட்பதில்லை. ஆனால் படம், பெரியவர்களுக்குப் போலவே, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுத்து, அங்கிருந்தே இணையம் வழியாகத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். போனதற்கு ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டை வைத்துத்தான் எங்களை விழுத்தினார்கள்.

உள்ளே போனதும் நடந்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நல்ல மழை, குளிர். அந்த ஆள் முதலில் ஹீட்டரைப் போட்டார். இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட்டார். "அவசரமே இல்லை தங்கச்சி, பால் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று திரைக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டுத் தந்தார். பிள்ளையின் கன்னத்தில் மாமியார் வைத்த பெரிய கறுப்புப் பொட்டு இருந்தது. நான் துடைக்கப் போனேன். மாமியாரின் முகம் சுருங்கியது. உடனே அவர், "அம்மாவின் மனதை நோகடிக்க வேண்டாம், பொட்டு இருக்கட்டும். அதைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவேன்" என்றார். அந்த ஒரு சொல்லில் மாமியார் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். (இன்று வரை "அந்தத் தம்பி மரியாதையான பிள்ளை" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. என் மடியில் வெள்ளைத் துணியைப் போட்டு இருத்தி, தலையைப் பின்னாலிருந்து நான் பிடித்துக்கொள்ள, அவர் ஃபிளாஷ் அடித்து எடுத்தார். கை தெரிகிறதே என்றேன். "அதுவும் கம்ப்யூட்டரில் போய்விடும்." வாய் திறந்திருக்கிறதே என்றேன். "அதுவும்தான்." படம், திருத்தம், திணைக்களத்துக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய். கணக்குப் பாருங்கள், ஐந்து நாளுக்கு மேல் மழையில் நின்று பறித்த கொழுந்து அது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, இலக்கம் அச்சடித்த ஒரு தாளைத் தந்து, "இதைக் காட்டினால் போதும்" என்றார்.

கண்டியில் அந்த இலக்கத்தைத் தட்டிப் பார்த்த அலுவலர், அப்படி ஒரு படம் வரவே இல்லை என்றார். கையிலிருந்த பிரதியை நீட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு விரலை வைத்துக் காட்டினார். என் கையை அழிக்கும்போது பிள்ளையின் இடது காதில் பாதியையும் அழித்திருக்கிறார்கள். பொட்டு இருந்த இடத்தில் கன்னத்தோல் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டது போல இருக்கிறது. வாய் மூடியிருக்கிறது, ஆனால் அது என் பிள்ளையின் வாய் இல்லை. இது வந்திருந்தாலும் ஏற்க முடியாது, முகத்தில் திருத்தம் செய்த படம் செல்லாது என்று அமைதியாகச் சொன்னார்.

அங்கிருந்தே கடைக்குப் போன் எடுத்தேன். முதலில் "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்றார்கள். பிறகு "முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறார்". பிறகு "நாங்கள் அனுப்புவதில்லை, வேறு டவுனில் இருக்கும் ஸ்டூடியோவுக்குக் கொடுத்தோம், அவர்களைக் கேளுங்கள்". எந்த ஸ்டூடியோ என்று கேட்டால் பதில் இல்லை. மாலையில் நேரிலேயே போனேன். ஹீட்டர் போட்ட அதே மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிள்ளை ஆடினால் நான் என்ன செய்வது? பணம் திருப்பித் தருவதில்லை, போர்டில் போட்டிருக்கிறது." போர்டைப் பார்த்தேன், சிங்களத்தில், கல்லாவுக்குப் பின்னால், கலண்டர் பாதி மறைத்துக்கொண்டிருக்கிறது. தங்கச்சி என்ற சொல்லும் காணாமல் போய்விட்டது. 7,500 ரூபாய்! வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளை வாசித்திருக்கிறார், பதில் இல்லை.

விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், பிள்ளை அழுகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அனுமதி பெற்ற ஸ்டூடியோக்களின் பட்டியல் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, பெயரைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போங்கள். 'வேறு இடத்துக்குக் கொடுத்து அனுப்புவோம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் இருத்த வேண்டாம். வெற்றுத் துணியில் மல்லாக்கக் கிடத்தி, நேர்மேலே நின்று, நிழல் விழாமல் எடுக்கச் சொல்லுங்கள். கம்பளித் தொப்பி, சூப்பான், பொட்டு எல்லாம் படம் எடுக்கும் முன்பே போக வேண்டும், மாமியார் என்ன சொன்னாலும். 'கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம்' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். கடையின் பெயரும் தொகையும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. நாளைக் காலையில் நான் முதலில் அழைக்கப்போவது அங்கேதான், என் 7,500 ரூபாய்க்காக.