நான்கு வயதுக்கு எந்த லென்ஸ்? இரண்டு கண்ணாடிகளுக்கு ஒரு மதிப்புரை

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்து, தினமும் வெளியே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால், லென்ஸ் வாங்குங்கள். பொம்மைப் பெட்டியில் வரும் பெரிய கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி வேண்டாம். அட்டையில் ‘60 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் வேண்டாம். ஆறேழு வயதுக்கு மேல் என்றால் பத்து மடங்கு மடக்கு லென்ஸ். அதற்குக் கீழே என்றால், துணித் தொழிலில் இழை எண்ணுவதற்கு வைத்திருப்பார்களே, சின்ன உலோகச் சட்டம் போட்ட மடக்குக் கண்ணாடி, அது. இரண்டும் எங்கள் வீட்டில் தினசரிப் புழக்கத்தில் இருக்கின்றன. பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு.

இழைக் கண்ணாடி எனக்குப் புதிதில்லை. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு துணியின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு அங்குலத்துக்கு நீளவாட்டில் ஓடும் பாவு இழை எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை இழை எத்தனை என்று நாள் முழுக்கக் குனிந்து எண்ணியவள். வேலையை விட்டபோது மேசை இழுப்பறைக்குள் போன கண்ணாடியைச் சின்னவள்தான் தோண்டி எடுத்தாள். பெட்டி மாதிரி விரிந்து நின்றதும் அவளுக்கு அது வீடாகத் தெரிந்திருக்கிறது. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தாள். பார்த்தது போர்வையை. “அம்மா, இங்க வா, உள்ள கயிறு கயிறா இருக்கு!”

நான்கு வயதுக் குழந்தைக்கு அது ஏன் சரிப்பட்டு வருகிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். எந்த லென்ஸுக்கும் பொருளை எவ்வளவு தூரத்தில் வைத்தால் தெளிவாகத் தெரியும் என்று ஒரு கணக்கு உண்டு. 250 மில்லிமீட்டரை மடங்கு எண்ணால் வகுத்தால், ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். பத்து மடங்கு என்றால் 25 மில்லிமீட்டர், ஐந்து மடங்கு என்றால் 50. பத்து மடங்கு லென்ஸைக் கண் இமையில் படுகிற அளவுக்குக் கிட்டே வைத்து, பொருளை அதை நோக்கிக் கொண்டுவந்து, இரண்டரை சென்டிமீட்டரில் கை ஆடாமல் நிறுத்த வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மங்கிவிடும். சின்னக் கைக்கு இது பெரிய வித்தை. அதோடு ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் சேர்த்து மூடிக்கொள்கிற வயது. இழைக் கண்ணாடியில் அந்தத் தொல்லையே கிடையாது. லென்ஸுக்கும் அடித்தட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சட்டமே பிடித்து வைத்திருக்கிறது. கீழே வை, மேலே கண்ணைக் கொண்டு போ, முடிந்தது. மற்றக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளச் சொன்னேன், பழகிவிட்டாள்.

குறையும் உண்டு. தட்டையான பொருளுக்குத்தான் அது சரி. துணி, இலை, மரப்பட்டை, பாறை, மணல், அச்சடித்த படம் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். பூவின் மேல் வைத்தால் நசுங்கும். எறும்பின் மேல் வைத்தால், அது சட்டத்துக்கு அடியில் நுழைந்து தன் வழியே போய்விடும். மர நிழலில் சட்டமே வெளிச்சத்தை மறைக்கிறது, அதனால் திறந்த பக்கத்தை வெளிச்சம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். விளக்கு பொருத்தியவையும் விற்கிறார்கள். பேட்டரி தீர்ந்தால் கூடுதல் எடை மட்டும்தான் மிச்சம் என்பது என் கருத்து.

மண்ணில் முட்டி போட்டு உட்காரும் பெரியவனுக்கு மடக்கு லென்ஸ்தான். வைரத்தைத் தரம் பிரிப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே பத்து மடங்குதான். வாங்கும்போது மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்ததா என்று கேளுங்கள். ஒற்றைக் கண்ணாடி என்றால் ஓரங்களில் வானவில் நிறம் படியும், கோடுகள் வளையும். மூன்று சேர்ந்ததில் ஓரம் வரைக்கும் சுத்தமாக இருக்கும். ஆனால் குழந்தைக்கு அந்தச் சுத்தம் அவசியமா என்றால், இல்லை. பிளாஸ்டிக் லென்ஸ் மட்டும் வேண்டாம், சீக்கிரமே கீறல் விழுந்துவிடும்.

பிடிக்கும் முறைதான் எல்லாருக்கும் சிக்கல். கார்ட்டூன் துப்பறிவாளர் மாதிரி கையை நீட்டிப் பிடிக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். லென்ஸ் பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றச் சொல்லுங்கள். பொருள் பிடித்த கை அந்தக் கையைத் தொட்டு நிற்கட்டும். இரண்டு கையும் முகமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். மூக்கு இலையில் இடித்தால் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த 60 மடங்கு விவகாரத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 மடங்கு என்றால் பொருள் லென்ஸிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், லென்ஸே மணி அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடியைப் போட்டுவிட்டு அதில் 60 என்று அச்சடித்தால், அது கண்ணாடியின் மடங்கு இல்லை, விற்பவரின் ஆசை. வீட்டிலேயே சோதித்துவிடலாம். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக நில்லுங்கள். லென்ஸுக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜன்னலும் வெளியே இருக்கும் மரமும் தாளில் குட்டியாகத் தலைகீழாக விழும். படம் கூர்மையாக இருக்கும்போது லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, 250-ஐ அதால் வகுத்தால் உண்மையான மடங்கு ஏறக்குறைய வந்துவிடும். எங்களுக்குப் பரிசாக வந்த ஒன்றில் 30 என்று போட்டிருந்தது, அளந்தால் எட்டு. வகுத்தல் பழகிக்கொண்டிருந்த பெரியவனுக்கு அன்று வேறு பாடம் தேவைப்படவில்லை. அப்புறம் கண்ணில் படுகிற லென்ஸை எல்லாம் அளக்க ஆரம்பித்துவிட்டான், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி உட்பட.

லென்ஸோடு வெளியே போனால் நடை சுருங்கிவிடும், அதற்குத் தயாராக இருங்கள். காட்டுப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் என்று கிளம்புவோம், முதல் மதில் சுவரைத் தாண்ட மாட்டோம். சுவரில் பாசி இருக்கும். மழை விட்ட மறுநாள் பாசியைப் பத்து மடங்கில் பார்க்காதவர்கள் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பச்சை வெல்வெட் என்று நினைத்தது, தனித்தனித் தண்டும் இலையுமாகக் குட்டிக் காடாக நிற்கும். சிலவற்றில் நூல் மாதிரிக் காம்பு நீண்டு, நுனியில் ஒரு சின்னக் குடுவை இருக்கும். அதன் மூடி விழுந்திருந்தால் வாயைச் சுற்றிப் பல் வரிசை தெரியும். காற்றில் ஈரம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அந்தப் பற்கள் வளைந்து நிமிர்ந்து வித்துத்தூளை வெளியே விடுகின்றன. சில வகைகளில், மெதுவாக ஊதினால் மூச்சின் ஈரத்துக்கே பல் அசைவது கண்ணெதிரே தெரியும். பெரியவன் ஊதிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

பக்கத்துப் பாறையில் சாம்பல் பூத்தாற்போல ஒட்டியிருக்கும் கற்பாசி வேறு சங்கதி. அது ஒரு பூஞ்சையும் ஆல்கா என்ற வேறு வகைப் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். லென்ஸில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரியும். சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரே பூ என்று நாம் நினைப்பது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம் என்பதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிட, நடுவட்டத்தைப் பிட்டுக் கையில் கொடுத்துவிடுவது சுலபம். பெரணி இலையின் அடிப்பக்கத்துப் பழுப்புப் பொட்டுகள், எறும்பின் முழங்கை போல மடிந்த உணர்கொம்பு, இறகின் கிளைகள் எல்லாம் அதிகம் தேடாமலே கிடைப்பவை.

ஆனால் எங்கள் வீட்டில் அதிக நேரம் லென்ஸ் ஓடுவது துவைத்த துணி மடிக்கும்போதுதான். இது என் தொழில் பழக்கத்தின் கோளாறாகவும் இருக்கலாம். நெய்த சட்டையில் பாவும் ஊடையும் ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகத் தாண்டிப் போகும். பின்னலாடையில் அப்படி இல்லை, கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். பனியன் இழுபடுவதும் சட்டை இழுபடாததும் ஏன் என்று சின்னவளுக்கு நான் சொல்லவே இல்லை, இரண்டையும் பார்த்துவிட்டு, பனியனைப் பிடித்து இழுத்து அவளே காட்டினாள். பெரியவன் இழை எண்ணுவான். கண்ணாடியின் அடித்தட்டில் அளவுக்கோடு இருப்பதால், அரை அங்குலத்துக்கு எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்கிறான். போர்வைக்கும் கைக்குட்டைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். எண்ணும்போது பேசினால் கோபம் வருகிறது, எனக்கு அந்தக் காலத்தில் வந்த மாதிரியே.

அப்படி ஒரு நாள் லேவன்ஹுக் கதை சொன்னேன். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி, பிறந்தது 1632. துணி வியாபாரிகள் இழையின் தரம் பார்க்க லென்ஸ் வைத்திருந்த காலம். அவர் தானே லென்ஸ் செய்து பழகி, மற்றவர்கள் எட்டாத மடங்குக்குப் போனார். மிஞ்சியிருக்கும் அவருடைய நுண்ணோக்கிகளில் ஒன்று ஏறக்குறைய 270 மடங்கு பெருக்கும், அதுவும் ஒற்றை லென்ஸில். 1670-களில் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். “அப்போ அந்த லென்ஸ் ஒரு மில்லிமீட்டர்கிட்ட வெச்சுத்தான் பாக்கணும்” என்றான் பெரியவன், கணக்குப் போட்டு. நான் அதை யோசித்தே பார்த்ததில்லை.

வெளியே போய் வந்த சாயங்காலம் காலுறையில் ஒட்டிய முள் விதைகளைப் பிய்ப்பது ஒரு வேலை. ஒரு விதையையும் செருப்பின் வெல்க்ரோ பட்டையையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கொடுங்கள். இரண்டிலும் கொக்கி. நாயின் ரோமத்தில் ஒட்டிய விதையைப் பார்த்துத்தான் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிஸ் பொறியாளருக்கு வெல்க்ரோ யோசனையே வந்தது, 1950-களில் காப்புரிமை பெற்றார். உப்பும் சர்க்கரையும் கருப்புத்தாளில் தூவிப் பார்ப்பது மழை நாளுக்கு ஆகும். உப்பு கனசதுரமாக இருக்கும், சர்க்கரை அப்படி இருக்காது. பத்திரிகைப் படத்தில் நான்கு நிறப் புள்ளிகள், டிவி திரையில் சிவப்பு, பச்சை, நீலம். இந்த மாதிரி நாற்பது சொல்லலாம், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், விடுங்கள்.

பார்த்ததை வரைய வைப்பது என் ஒரே கட்டாயம். பாட்டில் மூடியை வைத்து நோட்டில் ஒரு வட்டம், அதற்குள் லென்ஸில் தெரிந்தது, கீழே தேதி. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. சின்னவளின் வட்டத்துக்குள் பெரும்பாலும் புள்ளிகள்தான். அதற்கு அவள் சொல்லும் விளக்கத்தை நான் பக்கத்தில் எழுதிவிடுவேன். படத்தைவிட விளக்கம் நீளமாக இருக்கும்.

லென்ஸைக் கையில் எடுத்ததும் பெற்றோருக்குள் ஒரு வாத்தியார் முழித்துக்கொள்கிறார். “இது என்ன சொல்லு? இதுக்கு எத்தனை கால்?” இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குச்சி பொறுக்கப் போய்விடும், போவதும் நியாயம்தான். ஓடுகிற நாள், மரம் ஏறுகிற நாள் எல்லாம் லென்ஸ் பையிலேயே கிடக்கட்டும். பறவை பார்க்கவும் இது உதவாது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு லென்ஸ் என்று மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள், சண்டை தீர்க்கவே பொழுது போய்விடும்.

எச்சரிக்கைகள். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, பார்வை போய்விடும். வெயிலைக் குவித்தால் காய்ந்த இலையில் தீப்பிடிக்கும். ஆகவே விரித்த லென்ஸை வெயில் படும் ஜன்னலோரத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மரம் ஏறக் கூடாது. இழுத்தால் கழன்றுவிடும் கொக்கி வைத்த கயிறு வாங்குங்கள், அல்லது கால்சட்டை வாரில் கட்டிவிடுங்கள். மண் ஒட்டியிருந்தால் முதலில் ஊதி, தண்ணீரில் அலசி, பிறகுதான் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். சட்டை முனையால் தேய்த்தால் அந்த மணலே கீறிவிடும்.

வாங்கும்போது மடிகிற இடத்தை ஒருமுறை பாருங்கள். அடித்து இறுக்கிய ஆணியாக இருந்தால் தளர்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது, லென்ஸ் கூட்டுக்குள் நிற்காமல் தொங்கும். திருகாணியாக இருந்தால் அவ்வப்போது முறுக்கிக்கொள்ளலாம். எங்களுடையது திருகாணி. முறுக்கும் பொறுப்பு சின்னவளுடையது.