கூரியரில் வந்த கல்: 1,650 ரூபாய்க்கு ஒரு பாறைப் பெட்டி

தக்கலைப் பக்கம் டைல்ஸ், கிரானைட் போடும் வேலை எனக்கு. இருபத்திரண்டு வருடமாகக் கல்லோடுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் கூரியர்காரர் கல் கொண்டுவந்து இறக்கினால் எப்படி இருக்கும்? "இவ்வளவு நாளா கல்லைப் போட்டு ரூவா வாங்குனீங்க. இப்ப ரூவா போட்டுக் கல்லு வாங்குதீங்களா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

மகள் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். சமூக அறிவியலில் 'பாறை மற்றும் மண்' என்று ஒரு பாடம். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். கையில் ஒரு கல்லைக் கொடுத்து இது எந்த வகை என்றால் விழிப்பாள். அதனால்தான் ஆன்லைனில் பார்த்து, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான புவி அறிவியல் பெட்டி ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். பதினைந்து கல், ஒரு லென்ஸ், உரசிப் பார்க்க ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு, ஆணி, காந்தம், பூமியைப் பாதியாக வெட்டியது போல ஒரு ஃபோம் பந்து, எரிமலை செய்ய ஒரு பிளாஸ்டர் கூம்பு. கூம்பு உடைந்துதான் வந்தது. கல் ஒவ்வொன்றும் புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. விளக்கப் புத்தகம் முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒரு வரி கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் உருப்படியான சாமான் அந்த வெள்ளைத் தகடுதான். ஹேமடைட் என்று எழுதிய கல் பார்க்கக் கரும்சாம்பல், இரும்பு மாதிரி மினுங்கும். அதைத் தகட்டில் ஒரு இழு இழுத்தால் விழுகிற கோடு துருச் சிவப்பு. மகள் மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். அடுத்து பைரைட். தங்கம் மாதிரி தகதகக்கிற கல்லில் கோடு கருப்பாக விழுந்தது. "அப்பா, இது நம்ம பாட்டி வளையலைத் தட்டான் உரசிப் பார்த்த மாதிரியில்லா?" என்றாள். அதேதான், உரைகல். கல்லின் மேல்நிறம் ஏமாற்றும், அதன் பொடியின் நிறம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. பாடத்தில் நாலு பக்கம் படித்தும் ஏறாதது ஒரே கோட்டில் ஏறிவிட்டது. தகடு தொலைந்தாலும் கவலை இல்லை, உடைந்த விட்ரிஃபைட் டைல்ஸின் பின்பக்கம் அதே வேலையைச் செய்யும்.

இனி வம்பு. 9-ஆம் எண் குவார்ட்சைட், 12-ஆம் எண் மார்பிள் என்று போட்டிருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் சர்க்கரைக்கட்டி மாதிரி மணிமணியாக இருக்கும். எடுத்துத் தடவியதுமே எனக்குச் சந்தேகம். மார்பிளில் பழகிய கைக்கு ஏதோ இடிக்கிறது. கண்ணாடித் துண்டில் கீறிப் பார்த்தோம். மார்பிள் என்று எழுதிய கல் கண்ணாடியைக் கிழித்தது, குவார்ட்சைட் என்று எழுதியது வழுக்கிப் போனது. மோஸ் என்பவர் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் டால்க் 1, வைரம் 10. மார்பிளில் இருக்கும் கால்சைட் 3, குவார்ட்சைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் 7, கண்ணாடி சுமார் ஐந்தரை. அப்படியென்றால் மார்பிள் கண்ணாடியைக் கீறவே கூடாது. எரிமலைக்கென்று கொடுத்திருந்த வினிகரை இரண்டு கல்லிலும் ஒரு சொட்டு விட்டு லென்ஸில் பார்த்தோம். 9-ஆம் எண்ணில் குட்டிக் குட்டியாகக் குமிழ் வந்தது. கால்சைட் மேல் ஆசிட் பட்டால் அப்படித்தான் பொங்கும். மார்பிள் தரையை ஆசிட் போட்டுக் கழுவாதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் நான் தலைபாடாய் அடித்துக்கொள்வதும் இதனால்தான். ஆக லேபிள் இரண்டும் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கிறது. கல்லைத் தெரிந்தவன் பக்கத்தில் இல்லாத வீட்டில் பிள்ளை தப்பாகவே படித்திருக்கும்.

அப்புறம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை நடக்கும் வீட்டில் கிடந்த கட் பீஸ்களைச் சாக்கில் அள்ளி வந்தேன். அடுக்களை அலமாரிக்குப் போடும் கடப்பா சுண்ணாம்புக்கல், அதாவது படிவுப்பாறை. கோட்டா கல்லும் அதே இனம். மார்பிள் அந்தச் சுண்ணாம்புக்கல்லே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. நாம் பிளாக் கிரானைட் என்று விற்பது தீப்பாறைதான், ஆனால் படிப்பாளிகள் கணக்கில் அது கிரானைட்டே இல்லை, டோலரைட், காப்ரோ வகை. காஷ்மீர் ஒயிட் என்று ஒன்று உண்டு. காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, மதுரைப் பக்கம் வெட்டுகிற உருமாறிய பாறை அது. அதில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி இருக்கும். 'கறை' என்று சொல்லி ஸ்லாப்பைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அது கறை இல்லை, கார்னெட் என்ற சிவப்புக் கனிமம்.

அந்தக் கார்னெட்டைத் தேடித்தான் ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனோம். ஆடிக் கடல், அலை மூர்க்கமாக இருந்தது. கரையில் கருப்புப் பட்டை பட்டையாக மணல், இடையிடையே ரோஜா நிறக் கோடு. லென்ஸை வைத்துப் பார்த்தாள். வெள்ளையாகக் கண்ணாடி போல இருப்பது குவார்ட்ஸ், கருப்பு இல்மனைட் என்ற இரும்பு, டைட்டானியக் கனிமம், இளஞ்சிவப்பு கார்னெட். காஷ்மீர் ஒயிட்டில் பார்த்த அதே சிவப்பு, பொடி அளவில். மலையில் கார்னெட் உள்ள பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, ஆறு அதை இழுத்து வந்து கடலில் கொட்டுகிறது. அலை அதை முறத்தில் அரிசி புடைப்பது போலப் புடைக்கிறது. குவார்ட்ஸ் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம், இல்மனைட் நாலரை மடங்குக்கும் மேல். லேசானது திரும்பிப் போக, கனமானது கரையில் தங்குகிறது. குமரி அம்மன் கல்யாணத்துக்கு வைத்த அரிசிதான் மணலாகிப் போனது என்று பாட்டி சொன்ன கதையையும் மகள் நடுவில் எடுத்துவிட்டாள். புடைக்கிற கணக்கு அதற்கும் பொருந்துகிறது.

பெட்டியோடு வந்த காந்தம் இங்கே பல்லிளித்தது, நாலைந்து மணிகூட ஒட்டவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கில் கழற்றிய காந்தத்தை பாலிதீன் கவருக்குள் போட்டு உலர்ந்த மணலில் வைத்தோம். கருப்பு மணிகள் தாடி மாதிரி ஏறின. அங்கேயே இருக்கும் மத்திய அரசின் ஐ.ஆர்.இ. கனிம மணல் ஆலையிலும் காந்தமும் மின்சாரமும் வைத்துத்தான் மணலைப் பிரிக்கிறார்கள். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருக்கும் தோரியம் அந்தக் காலத்தில் கேஸ் விளக்கில் ஒளிர்கிற வலையான மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. மோனசைட்டில் கதிர்வீச்சு உண்டு என்பதால் மணலைப் பார்த்த இடத்திலேயே உதறிவிட்டு வந்தோம்.

ஃபோம் பந்தைப் பற்றிச் சுருக்கமாக. குறுக்களவு 15 சென்டிமீட்டர், அதில் மேலோட்டை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் செய்திருக்கிறார்கள். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர், கண்டங்களுக்கு அடியில் மேலோடு சராசரியாக 35 கிலோமீட்டர் சொச்சம். கணக்குப் போட்டால் இந்தப் பந்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது, விசிட்டிங் கார்டு கனம்தான். தடிமனை வைத்துப் பிழைக்கிறவன் கண்ணில் இது உறுத்தத்தானே செய்யும். எரிமலையோ சோடா உப்பும் வினிகரும் பொங்குகிற வேடிக்கை. உருகிய பாறைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வினிகரை மார்பிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா? 600, 700 ரூபாய்க்குத் தந்தால் ஹேமடைட், பைரைட், டால்க் போன்ற நம்மூரில் கைக்குக் கிடைக்காத கல்லுக்காகவும் லென்ஸுக்காகவும் வாங்கலாம். 1,650-க்கு வேண்டாம். கிரானைட் கடை வாசலில் கட் பீஸ் கேட்டால் சும்மா தருவார்கள்.

லேபிள் மாறியதைப் போட்டோ எடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு, பத்தே நாளில் புதுப் பெட்டி அனுப்பினார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. மகள் திறந்ததும் முதல் வேலையாக வினிகரை எடுத்தாள். அதிலும் 9-இல்தான் குமிழ் வருகிறது.