முதல் கப்பல் பயணமா? 'கேரண்டி கேபின்' என்ற வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, அவரையும் அம்மாவையும் கப்பலில் கூட்டிப்போக ஆசைப்பட்டோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் பால்கனி அறையின் விலையைப் பார்த்துவிட்டு, அதே அளவு தொகையை எங்கள் ஊர் டிராவல்ஸ்காரரிடம் கட்டினோம். "பால்கனி உண்டுதானே அண்ணா?" என்று மூன்று தடவை கேட்டேன். "கேரண்டி கேபின்மா, கவலையே படாதீங்க" என்றார்.

அறைக்குள் நுழைந்ததும் அம்மா நேராகப் போய்த் திரையை விலக்கினார். பின்னால் சுவரில் பதித்த முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னலே கிடையாது. "விடும்மா, தூங்கத்தானே வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரையை மறுபடி இழுத்து மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரவேற்பு மேசையில் கேட்ட பிறகுதான் விளங்கியது. கப்பல் வியாபாரத்தில் 'கேரண்டி' என்றால், அறையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நாம் வாங்கிய வகுப்பிலோ அதற்கு மேலோ ஏதாவது ஒன்றைக் கம்பெனியே ஒதுக்கும். அதனால்தான் விலை குறைவு. எங்களுக்குப் போட்டிருந்ததோ உள்பக்க அறை வகுப்பு. மாற்றித் தரக் கேட்டோம், கப்பல் நிறைந்துவிட்டது என்றார்கள்.

டிராவல்ஸ்காரர் 'எல்லாம் சேர்த்துத்தான்' என்றதும் பொய். டிப்ஸ் ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. நாலு பேர், நாலு இரவு, பதினாறு டிப்ஸ். இறங்கும் நாள் காலையில் பில்லாக வந்தது. வைஃபைக்கும் தனிக் காசு.

ஊருக்கு வந்து ரசீதைப் பார்த்தால் டிசிஎஸ் என்று ஒரு தொகை. விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி அது. வெளிநாட்டு டூருக்கு அதைப் பிடித்தால் நம் பான் எண்ணில் வரவாகி, வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும். மாதங்கள் பல ஆகியும் எனக்கு வரவில்லை. நீங்களும் உங்களுடையதைப் பாருங்கள்.

தயவுசெய்து முழுப் பணம் கட்டும் முன் கப்பல் கம்பெனியின் புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டிராவல்ஸ் வவுச்சரில் இருப்பது அவர்களுடைய சொந்த எண்ணாக இருக்கலாம். நான் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். கம்பெனி எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் அறை வகுப்பு தெரிந்துவிடும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள், இனிஷியல் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய தலைவலி. சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதாக இருக்கட்டும். பினாங்கு போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு.

அந்த டிராவல்ஸ்காரர் பால்கனி என்று வாட்ஸ்அப்பில் ஒருமுறைகூட எழுதவில்லை. நான் எழுதிக் கேட்டபோதெல்லாம் உடனே போனில் கூப்பிட்டுப் பேசினார். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தும் பணம் திரும்பவில்லை. ரசீது, வவுச்சர், அந்தக் கண்ணாடியின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.